பொதுச் சேவைகளுக்கும் வீட்டுச் செலவுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? செலவு கூடினால் அது நம் ஊதாரித்தனம்தானே?

கேள்வியில் 'ஊதாரித்தனம்' என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. வீட்டில் யாரோ உங்களிடம் "சம்பளமெல்லாம் எங்கதான் போகுது?" என்று கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னையும் கேட்டார்கள். கேட்டவர் என் சொந்த அண்ணன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

தொடர்பு உண்டு, நிறையவே உண்டு. ஆனால் சட்டென்று கண்ணில் படாது. ஒரு பொதுச் சேவை நின்றுபோனால் அதற்கென்று யாரும் நமக்கு பில் அனுப்புவதில்லை. அந்தச் செலவு வேறு வேறு பெயர்களில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பெயர் மாறி வருவதால் நாம் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்கிறோம்.

கணக்கு எழுதுவது என் தொழில். வீட்டிலும் பதினோரு வருடமாக நோட்டுப் போட்டு எழுதுகிறேன். "வரவு செலவை எழுதி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று சொல்ல வருகிறவர்களுக்காக இதை முன்பே சொல்லிவிடுகிறேன். எழுதி வைத்தேன். தீரவில்லை.

நான் வேலை முடிந்து கிளம்ப இரவு எட்டரை ஆகிவிடும். எங்கள் பக்கம் போகும் கடைசிப் பேருந்து 8.40க்கு. ஒரு நாள் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் அந்த வரியை மட்டும் நீல மையால் அடித்திருந்தார்கள். ஏன், எப்போது வரை, ஒரு விளக்கமும் இல்லை. விளையாட்டுக்கு யாராவது கிறுக்கியிருப்பார்கள் என்று நினைத்து ஒன்பதே கால் வரை நின்றேன். அந்தப் பேருந்து அதன் பிறகு வரவே இல்லை.

இரண்டு மாதம் வாடகை வண்டியில் போய்ப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அந்தக் கடனுக்குப் போன இடத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் சம்பளச் சீட்டு, என் வங்கிக் கணக்கு, என் பெயரில் விண்ணப்பம். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் "சார் வரலையா?" என்றார். எந்த சார் என்று கேட்டேன். "கணவர்தான் மேடம், அவர் கையெழுத்து இருந்தா சீக்கிரம் முடியும்." ஊர்க் கணக்கையெல்லாம் நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். என் வண்டிக்கு என் கையெழுத்து போதாதாம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

வண்டி வந்தது. தவணையைக் 'கடன்' தலைப்பில் எழுதினேன். பெட்ரோல், சர்வீஸ் 'போக்குவரத்து'க்குப் போனது. இன்சூரன்ஸுக்குத் தனிப் பக்கம். மழைக்கோட்டும் கையுறையும் 'துணிமணி'. முதல் மழையிலேயே சறுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது, எக்ஸ்ரேயும் கட்டும் 'மருத்துவம்'. எல்லாம் முறைப்படி எழுதிய கணக்கு. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எல்லாத் தலைப்பும் ஏறியிருந்தது, சேமிப்பு மட்டும் இறங்கியிருந்தது. அண்ணன் நோட்டைப் புரட்டிவிட்டு, "துணிமணிக்கே இவ்வளவு ஆகுதே, கொஞ்சம் கையை இறுக்கிப் பிடிம்மா" என்றான். அந்தப் பக்கத்தில் இருந்ததில் பாதி மழைக்கோட்டு.

அன்று இரவு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பேருந்து ஓடியிருந்தால் வந்தே இருக்காத ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 'பஸ்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். பெட்ரோல் பஸ். தவணை பஸ். எக்ஸ்ரே பஸ். கூட்டினால் என் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முன்பு மாதப் பாஸுக்குப் போனது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதுவும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

இப்படிக் கணக்குப் பார்த்தது நான் மட்டும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. காத்மாண்டுவில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராததால் குடும்பங்களுக்கு என்ன செலவாகிறது என்று ஒரு ஆய்வு 2005-ல் வெளிவந்திருக்கிறது. போய்ப் பிடித்துவர ஆகும் நேரம், மோட்டார் போட்டு இழுப்பது, சேமித்து வைக்கத் தொட்டி, சுத்திகரிப்பது, விலைக்கு வாங்குவது என்று எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறார்கள். இந்தச் சமாளிப்புச் செலவு, அவர்கள் கட்டிவந்த தண்ணீர்க் கட்டணத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் படித்தபோது என் சிவப்புப் பேனாக் கணக்கு கிறுக்குத்தனம் இல்லை என்று ஒரு தெம்பு வந்தது.

"ஸ்கூட்டர் வசதிதானே, நினைத்த நேரத்துக்குப் போகலாமே" என்பவர்களுக்கு: வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நானாக ஆசைப்பட்டு வாங்குவதும் வேறு வழியில்லாமல் வாங்குவதும் ஒன்றில்லை. "எல்லாவற்றையும் அரசு இலவசமாகத் தர வேண்டுமா?" என்றும் யாராவது கேட்பீர்கள். நான் இலவசம் கேட்கவில்லை. பாஸுக்குக் காசு கொடுத்துத்தான் போனேன். வரியும் கட்டுகிறேன், அதுவும் என் வீட்டுச் செலவுதான். எனக்கு வேண்டியது 8.40க்கு ஒரு பேருந்து. எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் 2013 முதல் நகரவாசிகளுக்குப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கினார்கள். அதற்காகப் பெரிதாக யாரும் காரை விட்டு இறங்கிவிடவில்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. டிக்கெட் விலையைவிட வண்டி நேரத்துக்கு வருமா என்பதை வைத்துத்தான் ஜனங்கள் முடிவெடுக்கிறார்கள்.

நோட்டில் எழுதவே முடியாத ஒரு செலவும் இருக்கிறது. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை அரசு மருத்துவமனையில் கிடைக்கும். பெரும்பாலும் கிடைக்கும். சில மாதம் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எந்த மாதம் என்று தெரியாததால் எல்லா மாதமும் ஒரு தொகையைத் தொடாமல் எடுத்து வைக்கிறேன். அந்தப் பணத்தை நான் செலவு செய்யவில்லை. ஆனால் வேறு எதற்கும் எடுக்கவும் முடியாது. தைவானில் 1995-ல் எல்லாருக்கும் தேசிய மருத்துவக் காப்பீடு வந்த பிறகு குடும்பங்களின் சேமிப்பு குறைந்து நுகர்வு கூடியது என்று 2003-ல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. சேமிப்பு குறைந்தது என்று கேட்டால் என் அண்ணன் பதறுவான். அவர்கள் விட்டது பயத்துக்காக ஒதுக்கி வைத்த பணத்தை. அந்தப் பயம் போனால் நானும் அதை எடுத்து அம்மாவுக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கிவிடுவேன்.

கணக்குத் துறையில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நாடுகளின் வரவு செலவைக் கணக்கிட ஐ.நா. முதலான அமைப்புகள் சேர்ந்து வகுத்த தேசியக் கணக்கு முறையில், 1993 பதிப்பிலிருந்தே குடும்பம் செலவழித்தது வேறு, குடும்பம் உண்மையில் நுகர்ந்தது வேறு என்று பிரித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் பிள்ளை படித்த படிப்பும் அரசு மருத்துவமனையில் பார்த்த வைத்தியமும் இரண்டாவதில் சேரும். ஆக, செலவு ஏறிய வீடு அதிகமாக அனுபவிக்கிறது என்று அர்த்தமில்லை. முன்பும் நான் வேலைக்குப் போய் வந்தேன், இப்போதும் போய் வருகிறேன். கூடியது செலவு மட்டும்தான்.

அதற்காக எல்லாப் பழியையும் சேவைகள் மேல் போட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. தேவையில்லாமல் வாங்கியவையும் என் நோட்டில் இருக்கின்றன, அவற்றின் பக்கத்தில் 'பஸ்' என்று எழுதிக்கொள்ளவில்லை. உங்களிடம் மூன்று மாதக் கணக்கு இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் 'எது ஒழுங்காக நடந்திருந்தால் இது வந்திருக்காது?' என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரிகளை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். கேட்டவரிடம் அந்த நோட்டையே கொடுத்துவிடுங்கள், வாய்ச்சண்டை வேண்டாம்.

அண்ணனிடம் நான் அப்படித்தான் கொடுத்தேன். சிவப்பு மையைப் பார்த்துக்கொண்டே வந்தவன் 'எக்ஸ்ரே பஸ்' என்ற வரியில் நின்று, "கை இப்ப எப்படி இருக்கு?" என்றான். விழுந்து எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் கேட்டான். கை பரவாயில்லை. ஸ்கூட்டருக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறது.