முதல் ஓட்டுக்கு முன்னால் ஒரு குழப்பம்

தம்பி, முதல் ஓட்டுப் போடப் போகும் நேரத்தில் மச்சான் "ஜனநாயகமே ஹராம்", அதாவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, என்று சொல்லிவிட்டார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவரோடு சண்டை வேண்டாம். குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா, அதாவது கலந்தாலோசனை. 38ஆவது வசனத்தை இருவரும் சேர்ந்து ஓதிப் பாருங்கள். தொழுகைக்கும் தர்மத்துக்கும் நடுவில் ஆலோசனை நிற்கிறது! எனக்கு மனம் தெளிந்தது அங்கேதான். 632இல் நபிகள் மறைந்த பிறகு அவருடைய தோழர் அபூபக்கர் தலைவர் ஆனதுகூட வாரிசு என்பதால் அல்ல, மக்கள் கொடுத்த பைஅத்தால், அதாவது ஆதரவு உறுதிமொழியால்.

மார்க்கம் அனுமதித்த ஹலாலைப் பெரும்பான்மை ஹராமாக்கலாமா என்ற மச்சானின் கவலை நியாயமானது. ஆனால் சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பது வேறு விஷயம்.

போன தேர்தலன்று இங்கே பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகை தொழுதபோது, பக்கத்தில் நின்ற பெரியவரின் விரலில் மை காயாமல் இருந்தது.