ரேடார் அடுப்பும் ஆய்வகம் ஒதுக்கிய பசையும்: வாசகர் கேள்வி – பதில்

கே: மைக்ரோவேவ் ஓவனில் சாப்பாடு ஓரத்தில் கொதிக்கிறது, நடுவில் சில்லென்றே இருக்கிறது. மெஷின் கோளாறா?

ப: இல்லை, அலைகளின் குணமே அப்படித்தான். உள்ளே இருந்து அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான், 1940-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர்கள் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் போர்க்கால ரேடாருக்காக வடித்த குழலின் வாரிசு. 1945-ல் ரேதியான் நிறுவனத்தில் அதன் பக்கத்தில் நின்ற பொறியாளர் பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகப்போய்த்தான் அது சமையலுக்கு வந்தது என்பார்கள். 1947-ல் வந்த முதல் ஓவன் ஆள் உயரம், எடை சுமார் 340 கிலோ!

அலைநீளம் 12.2 செ.மீ. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், ஏறக்குறைய 6 செ.மீ.க்கு ஒரு சூடான புள்ளி விழும். இடையில் சூடே இருக்காது. தட்டு சுழல்வது இதைச் சரிக்கட்டத்தான். ஆனால் தட்டின் மையம் இருந்த இடத்திலேயே இருக்கிறதே! ஆகவே உணவை வளையமாகப் பரப்பி, நடுவைக் காலியாக விடுங்கள். அலை இரண்டு மூன்று செ.மீ. ஆழம்தான் போகும், பாதியில் நிறுத்திக் கிளறி, கடைசியில் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள்.

உறைந்த உணவில் சிக்கல் இன்னும் அதிகம். பனிக்கட்டி இந்த அலைகளை நீரைவிட மிகக் குறைவாகவே உறிஞ்சும். முதலில் உருகும் மூலை மொத்தச் சூட்டையும் வாங்கிக்கொண்டு வெந்துவிடும். டீஃப்ராஸ்ட் பொத்தான் விட்டு விட்டு இயங்குவது அந்தச் சூடு உள்ளே பரவ நேரம் கொடுக்கத்தான். காலி ஓவனை ஓட்டாதீர்கள். உறிஞ்ச ஆளில்லாத அலை மேக்னட்ரானுக்கே திரும்பி அதைக் கெடுக்கும்.

கே: சூப்பர் க்ளூ விரலில் நொடியில் ஒட்டுகிறது, உடைந்த பொருளில் மட்டும் ஒட்ட மறுக்கிறதே?

ப: அதை இறுக வைப்பது ஈரம், விரலில் அதற்குப் பஞ்சமில்லை. 1942-ல் கோடாக் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு துப்பாக்கிக் குறிநோக்கிக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்தது இந்த சயனோஅக்ரிலேட். தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை செய்ததால் ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல் அதே தொல்லை விற்பனைக்கு வந்தது!

பெரும்பாலும் தப்பு அளவில்தான். 6 சதுர செ.மீ.க்கு ஒரு சொட்டு போதும். தடித்துப் பூசினால் மேல்புறம் இறுகும், உள்ளே ஈரம் எட்டாமல் திரவமாகவே கிடக்கும். அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் சும்மா விடுங்கள். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், டெஃப்லான் மூன்றிலும் சாதாரணமாக ஒட்டாது. வழிந்ததைப் பஞ்சால் துடைக்கவே கூடாது. பருத்தி பட்டால் கொப்புளம் போடுமளவு சூடேறும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிட்டு உருட்டிப் பிரியுங்கள்.

கே: இன்டர்நெட் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

ப: செய்யும். போன் செயற்கைக்கோளைக் கேட்பதோடு சரி, அதற்கு எதையும் அனுப்புவதில்லை. வரைபடத்தை மட்டும் முன்பே இறக்கி வையுங்கள். முதல் முறை இடம் காட்டத் தாமதமாகும்: ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை, நொடிக்கு 50 பிட் என்று நிதானமாகச் சொல்லும். நெட் இருந்தால் போன் அதை வேறு வழியில் வாங்கிவிடும். இல்லாவிட்டால் முழுதும் கேட்டாக வேண்டும். வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.