சிக்னல், கமேரா, சென்சார்: கேளுங்கள், சொல்கிறேன்

சாலை சமிக்ஞை விளக்கு, கமேரா, சென்சார் பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பவர் பெயருக்குப் பதில் அவர் ஊரைப் போட்டிருக்கிறேன். பார்க்கிங் செயலியில் போன காசை மீட்டுத் தர என்னால் முடியாது.

செந்தூல்: அண்ணே, காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போறேன். ஆளே இல்லாத சந்திப்பு. எனக்கு மட்டும் சிவப்பு மாறவே மாட்டேங்குது. இதுக்குப் பேரு ஸ்மார்ட் சிக்னலா?

பதில்: நிற்கும் கோட்டுக்குப் பின்னால் தாரில் சதுரமாகக் கீறி அடைத்த தடம் தெரிகிறதா? அதற்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. மேலே உலோகம் வந்தால் சுருளின் மின்தூண்டல் குறையும். வண்டி வந்துவிட்டது என்று சாலையோரப் பெட்டியிலுள்ள கருவி புரிந்துகொள்ளும். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வண்டியைக் குலுக்க வேண்டாம். சதுரத்தின் நடுவில் நின்றால் மோட்டார் தெரியாமல் போகலாம். நீளவாக்கில் உள்ள கீறல் மேலேயே இரண்டு சக்கரமும் இருக்கும்படி நில்லுங்கள்.

அப்படியும் மாறாவிட்டால் குறுக்குச் சாலையைப் பாருங்கள். அண்மையில் அங்கே புதுத் தார் போட்டிருந்தால் சந்தேகம் அங்கேதான். பழைய தாரை 5 சென்டிமீட்டர் சுரண்டும்போது கம்பியும் சேர்ந்து அறுந்துவிடும். சுருள் அறுந்தால் பெரும்பாலான கருவிகள் அந்தப் பக்கம் எப்போதும் வண்டி நிற்பதாகவே வைத்துக்கொள்ளும். காலிச் சாலைக்குப் பச்சை, உங்களுக்குச் சிவப்பு. தார் போடுகிறவர் ஒரு குத்தகையாளர், சிக்னல் பார்ப்பவர் இன்னொருவர். கம்பி இருவருக்கும் நடுவில் அநாதை. புகார் செய்யும்போது "சிக்னல் கெட்டுப்போச்சு" என்று மட்டும் எழுதாமல் சந்திப்பு, எந்தத் திசை, எத்தனை மணி, தார் போட்ட மாதம் எல்லாம் எழுதுங்கள்.

செராஸ்: கமேராவைப் பார்த்து சிக்னலை மாத்துற கணினி மூளை, அலிபாபாவின் 'சிட்டி பிரெய்ன்', கோலாலம்பூருக்கு வருதுன்னு 2018 ஜனவரியில் அறிவிச்சாங்களே. முதல் கட்டமே 382 கமேரா, 281 சந்திப்புன்னு சொன்னாங்க. ஜேம் ஏன் குறையல?

பதில்: பச்சை எரியும்போது ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,800 கார் போகலாம். பாதி நேரம்தான் பச்சை என்றால் 900. வருவது 1,200 என்றால் எந்த மூளையாலும் மிச்சம் 300-ஐக் கரைக்க முடியாது. பக்கத்துச் சாலையின் பச்சையைப் பிடுங்கித் தரலாம், அவ்வளவுதான். கமேரா எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். பராமரிப்பு யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள்.

பட்டர்வொர்த்: பினாங்கில் 2019-லேயே முகம் அடையாளம் காணும் கமேரா வந்தாச்சு. தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?

பதில்: கணக்கைப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. ஒரு நாளில் 50,000 முகம் கடக்கிறது. ஆயிரத்தில் ஒன்று தவறாகப் பொருந்தினால் 50 பொய் எச்சரிக்கை. தேடப்படுகிறவர் 5 பேர் வந்து 4 பேர் சிக்கினாலும் மொத்த எச்சரிக்கை 54, அதில் 50 பேர் தப்பு செய்யாதவர்கள்.

பட்டர்வொர்த்: 4 பேர் பிடிபட்டால் லாபந்தானே? மத்தவங்களை விசாரிச்சு விட்டுடுவாங்க.

ஆயர் ஈத்தாம்: அந்த 50 பேர்ல உங்க மகன் இருந்தா இப்படிப் பேசுவீங்களா?

பதில்: இருவரும் பொறுங்கள். பொருத்தத்தின் அளவுகோலை உயர்த்தினால் பொய் எச்சரிக்கை குறையும், உண்மையான ஆளும் தப்புவார். எங்கே நிறுத்துவது என்பது தொழில்நுட்பம் எடுக்கும் முடிவில்லை; யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எடுக்கிறார். அவர் யார், எச்சரிக்கை வந்ததும் மனிதக் கண் பார்க்கிறதா, பதிவு எத்தனை நாள் இருக்கும்? "விசாரிச்சு விட்டுடுவாங்க" என்பதற்கு எழுதி வைத்த விதி வேண்டும். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பட்டர்வொர்த்: அப்போ கமேராவே வேண்டாமா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. மேலே மறுபடி படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: கொண்டோவில் முகத்தைப் பதிஞ்சால்தான் கேட் திறக்குமாம்.

பதில்: முகத்துக்குப் பதிலாக அட்டையால் திறக்கும் வழியைக் கேளுங்கள். மேலே சொன்ன தரவுச் சட்டத்தின் 2024 திருத்தம், முகம், கைரேகை போன்ற உடல் அடையாளத் தரவையும் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தரவாகச் சேர்த்துவிட்டது. பதிவு எங்கே இருக்கிறது, வீடு மாறினால் யார் அழிப்பார் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

கெப்போங்: சிவப்பு விளக்கு சம்மன் தப்பா வந்திருக்கு.

பதில்: சம்மன் அனுப்பிய இலாகாவிடம் படத்தைக் கேளுங்கள்.

ராவாங்: எனக்கும் சம்மன்...

பதில்: மேலே.

ஜெலுத்தோங்: எங்க தாமான் (குடியிருப்பு) கால்வாயில் நீர்மட்ட சென்சார் வைக்கப் பணம் திரட்டுறோம். மலிவான ஒலியலைக் கருவி போதுமா?

பதில்: அப்பாடா, நல்ல கேள்வி. ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் அந்தக் கருவி தூரத்தை அளக்கிறது. ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். வெயிலில் பெட்டி காற்றைவிட 10 டிகிரி சூடானால், உள்ளே உள்ள வெப்பமானி ஒலி வேகமாகப் போகிறது என்று நம்பிவிடும். 3 மீட்டருக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பிசகும், அதுவும் தண்ணீர் தாழ்வாக இருப்பதாகக் காட்டும். நிழல் மூடி போடுங்கள். சிலந்தி வலையும் பொய் சொல்ல வைக்கும், மாதம் ஒருமுறை துடையுங்கள். முகப்புக்கு மிக அருகே அது அளக்காது. வெள்ளத்தின் உச்ச மட்டத்துக்கு மேல் அரை மீட்டராவது விட்டுப் பொருத்துங்கள். காசு இருந்தால் ரேடார் வாங்குங்கள், வெப்பம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் அளவுகோல் வரைந்துவிடுங்கள். சிம் கார்டு கட்டணத்தை ஆண்டுதோறும் யார் கட்டுவார் என்பதைக் கருவி வாங்குமுன் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.