ஆன்டனி கேட்ட கடன்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதும் எண்ணம் இருக்கிறது. அதற்காக அணிகளின் பெயர்களையும் விமர்சனக் கலைச்சொற்களையும் அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் வரையறையும் ஓர் உதாரணமும். கட்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆனால் புதிதாக ஒரு கவிதையைக் கையில் எடுத்தால் அட்டைகள் எதுவும் உதவிக்கு வருவதில்லை.

போன மாதம் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், கொலையுண்ட சீசருக்காகக் கூட்டத்திடம் பேசும்போது "உங்கள் காதுகளைக் கடனாகத் தாருங்கள்" என்று ஆன்டனி கேட்கிறானே, அது என்ன அணி? நான் மெட்டானமி என்று எழுதினேன். சினெக்டகிதான் சரி என்று மதிப்பெண் தரவில்லை. இணையத்தில் தேடினால் இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. எது சரி? இதையெல்லாம் படிப்பதால் வாசிப்புக்கு உண்மையில் பயன் உண்டா? எந்தக் கையேட்டை வைத்துப் படிப்பது?

க.

*

அன்புள்ள க.,

முதலில் மதிப்பெண் விவகாரம். நான் உங்கள் கட்சி. பகுதியைச் சொல்லி முழுமையைக் குறிப்பது சினெக்டகி. ஒன்றைச் சொல்லி, அதோடு தொடர்புள்ள வேறொன்றைக் குறிப்பது மெட்டானமி. காதைச் சொல்லி ஆளைக் குறித்திருந்தால் உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. ஆனால் ஆட்கள் ஏற்கெனவே ஆன்டனியின் எதிரில்தான் நிற்கிறார்கள், அவர்களை அவன் கடன் கேட்க வேண்டியதில்லை. அவன் கேட்பது கவனத்தை. உறுப்பைச் சொல்லி, அந்த உறுப்பு செய்யும் வேலையைக் குறிக்கிறான். அதனால் மெட்டானமி.

ஆனால் இதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். பள்ளியில் ஆகுபெயர் படித்திருப்பீர்கள். 'தலைக்கு ஒரு பழம்' என்றால் உறுப்பு ஆளைக் குறிக்கிறது, சினையாகுபெயர்; சினெக்டகி மாதிரிதான். நன்னூல் அதைத் தனிக் குடும்பமாக வைக்கவில்லை. இடவாகுபெயர், காலவாகுபெயர், தொழிலாகுபெயர் என்ற வரிசையில் அதுவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டு மொழியியலாளர் ரோமன் யாக்கப்சனும் சினெக்டகியை மெட்டானமியின் பக்கமே சேர்த்துத்தான் பேசுகிறார். வேலி இல்லாத இடத்தில் போய் ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த வரியைக் கொடுத்துவிட்டு அதன் பெயரை மட்டும் கேட்பது. அதைவிட நல்ல கேள்விகள் அந்தக் காட்சி முழுக்கக் கிடக்கின்றன.

ஆன்டனிக்கு முன்னால், சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் கொலையை நியாயப்படுத்திப் பேசுகிறான். உரைநடையில் பேசுகிறான், ஆனால் அணிகளின் கடையே அங்கே விரிந்திருக்கிறது. சீசரிடம் எனக்கு அன்பு குறைவு என்பதல்ல, ரோமிடம் அன்பு அதிகம் என்கிறான். எதிரெதிரானவற்றை அருகருகே நிறுத்துவது, அது ஆன்டிதீசிஸ். சீசர் என்னை நேசித்தான், அழுகிறேன். வெற்றி பெற்றான், மகிழ்கிறேன். வீரனாக இருந்தான், மதிக்கிறேன். பேராசை கொண்டான், கொன்றேன். ஒரே அளவில் வெட்டி அடுக்கிய வாக்கியங்கள், அது ஐசோகோலன். கேளுங்கள், கேட்பதற்காக அமைதியாக இருங்கள் என்று தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறான். உங்கள் அட்டைக் கட்டில் பாதி இந்த ஒரு பேச்சிலேயே தீர்ந்துவிடும். பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "இவனையே சீசர் ஆக்குவோம்!" ஒருவன் சீசர் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தானே கொலையே செய்தார்கள். கூட்டம் ஓசையை ரசித்தது, பொருளைக் கேட்கவே இல்லை. அணி தெரிந்தவன் தோற்கும் இடம் இது.

அப்புறம் ஆன்டனி. புரூட்டஸ் 'ரோமர்களே' என்று தொடங்கினான் என்றால் இவன் தொடங்குவது 'நண்பர்களே' என்று. ஃப்ரெண்ட்ஸ், ரோமன்ஸ், கன்ட்ரிமென். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஓரசை, ஈரசை, மூவசை. கூச்சல் அடங்காத கூட்டத்தை மூன்று தட்டில் அடக்குகிறான். புரூட்டஸ் 'கேளுங்கள்' என்று சொன்ன இடத்தில் இவன் கடன் கேட்கிறான். கடன் கொடுப்பவனுக்குக் கொஞ்சம் கௌரவம் கிடைக்குமல்லவா, அந்தக் கௌரவத்தைக் கூட்டத்துக்குக் கொடுக்கிறான். மெட்டானமியா சினெக்டகியா என்று மல்லுக்கட்டும்போது நம் கையிலிருந்து நழுவுவது இதுதான்.

அந்தப் பேச்சுக்கு நீங்கள் எடுத்துப் போக வேண்டிய அட்டை வேறு: பாராலிப்சிஸ். சொல்ல மாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிடுவது. சீசரின் உயில் என்னிடம் இருக்கிறது, மன்னியுங்கள், அதைப் படிக்கப் போவதில்லை என்கிறான். சீசர் உங்களை எவ்வளவு நேசித்தான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்கிறான். நீங்கள்தான் அவனுடைய வாரிசுகள் என்பது உங்களுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது என்கிறான்! இதற்கு மேல் ஒரு ரகசியத்தை எப்படிப் போட்டு உடைப்பது? கூட்டம் உயில், உயில் என்று கத்துகிறது. அவன் படிக்கவில்லை. இறங்கிவந்து கிழிந்த அங்கியைக் காட்டுகிறான், காயங்களைக் காட்டுகிறான். நான் புரூட்டஸைப் போலப் பேச்சாளன் அல்ல என்று வேறு சொல்லிக்கொள்கிறான். கூட்டம் தீ வைக்கக் கிளம்பிய பிறகுதான், உயிலை மறந்துவிட்டீர்களே என்று திரும்பக் கூப்பிட்டு, ஆளுக்கு 75 டிராக்மா என்று கணக்கைச் சொல்கிறான்.

பாராலிப்சிஸ் என்ற சொல் தெரியாதவருக்கும் இது புரியும். ஆனால் சொல் தெரிந்தவர், அவன் மறுக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே என்ன உள்ளே நுழைந்தது என்று கேட்பார். கலைச்சொல்லால் எனக்குத் தெரிந்த பயன் இவ்வளவுதான், சின்னப் பயனல்ல இது. (அடுத்த காட்சியில் அதே கூட்டம் சின்னா என்ற கவிஞனைப் பிடித்துக்கொள்கிறது. நான் அந்தச் சதிகாரச் சின்னா இல்லை, கவிஞன் என்கிறான். அப்படியானால் அவனுடைய மோசமான கவிதைகளுக்காக அவனைக் கிழித்துப் போடுங்கள் என்கிறார்கள். எழுதுகிற எல்லோரும் படிக்க வேண்டிய காட்சி.)

இந்தப் பெயர்கள் அடையாளம் காட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. பேசப் போகிறவனுக்கும் எழுதப் போகிறவனுக்கும் பயிற்சியாக வந்தவை. 1512இல் வெளியான, லத்தீன் அறிஞர் எராஸ்மஸின் நூல் ஒன்றில், 'உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது' என்ற ஒரே செய்தியை லத்தீனில் நூறு வகைக்கும் மேல் மாற்றி மாற்றி எழுதிக் காட்டியிருப்பார். ஷேக்ஸ்பியர் காலத்துக் கிராமர் ஸ்கூல் பையன்கள் வளர்ந்தது இந்த மரபில்தான். அவர்களுக்கு வந்த கேள்வி 'இது என்ன அணி' அல்ல, 'இந்த அணியில் நீ ஒன்று எழுது'. 1589இல் ஜார்ஜ் புட்டன்ஹாம் எழுதியதாகக் கருதப்படும் கவிதைக்கலை நூல், கிரேக்கப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் செல்லப்பெயர்கூட வைத்துப் பார்த்தது. மிகைப்படுத்திச் சொல்லும் ஹைபர்போலிக்கு உரத்த பொய்யன், சொல்வதற்கு எதிரானதைக் குறிக்கும் ஐரனிக்கு வறண்ட கிண்டல் என்கிற மாதிரி. எதுவும் நிலைக்கவில்லை, பாவம்.

ஆகவே உங்கள் அட்டைகளின் மறுபக்கத்தில் புத்தக உதாரணத்தை அடித்துவிட்டு, நீங்களே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஜூக்மா என்றால் ஒரு வினையைப் பொருந்தாத இரண்டின் மேல் ஏற்றுவது. அலெக்ஸாண்டர் போப்பின் நெடுங்கவிதையில் நாயகியின் மானத்தில் கறை படுமா, புதுப் பட்டாடையில் படுமா என்று ஒரே மூச்சில் கவலைப்படுகிறார்கள். ஒரு சமூகமே இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தது என்பதை அந்த ஒரு வினை சொல்லிவிடுகிறது. அப்படி ஒன்று நீங்கள் எழுதிப் பார்த்தால், மோசமாக வந்தாலும் சரி, அடுத்த கவிதையில் ஜூக்மா தானாகவே கண்ணில் படும்.

விமர்சனக் கலைச்சொற்கள் வேறு ரகம். அவற்றின் பின்னால் ஒரு சண்டை இருக்கும், அந்தச் சண்டை தெரியாமல் சொல்லை மட்டும் எடுத்தால் வம்பு. இயற்கைப் பொருளுக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதை விமர்சகர் ரஸ்கின் 1856இல் 'பத்தெட்டிக் ஃபாலஸி' என்றது கண்டிப்பதற்காக. அலை நுரையைக் கொடியது, ஊர்வது என்று ஒருவர் எழுதியதைக் காட்டி, நுரை கொடியதும் அல்ல, ஊர்வதும் இல்லை என்றார். இன்று மாணவர்கள் அதையே பாராட்டாக எழுதுகிறார்கள். ஓர் உணர்ச்சியை எழுப்பும் பொருளையோ நிகழ்ச்சியையோ குறிக்கும் 'அப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்' என்ற சொல்லைக் கவிஞர் டி. எஸ். எலியட் பிரபலமாக்கியது, 'ஹாம்லெட்' கலையாகத் தோற்ற நாடகம் என்று வாதிட்ட 1919ஆம் ஆண்டுக் கட்டுரையில். அந்தச் சொல்லாலேயே 'ஹாம்லெட்'டைப் புகழும் விடைத்தாளைக் கண்டால் எலியட் என்ன சொல்வாரோ!

நெட் பற்றி: அங்கே இரண்டாம் தாளில் 100 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. அதற்கு மனப்பாடம் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

கையேடு என்றால் எம். எச். ஏப்ரம்ஸின் கலைச்சொல் நூல்தான் என் தேர்வு. 1957இல் முதலில் வந்தது. உங்கள் துறை நூலகத்தில் நிச்சயம் இருக்கும். சொல்லுக்கு ஒரு வரி என்று போகாமல், உறவுடைய சொற்களை ஒரே கட்டுரைக்குள் வைத்துப் பேசுவது அதன் பலம். மெட்டானமியும் சினெக்டகியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பீர்கள். சொந்தமாக வேண்டுமென்றால் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் முந்தைய பதிப்பே போதும், அணிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை.