புராஸ்டேட் ஆபரேஷனும் தாம்பத்தியமும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: சார், வயது 62. புராஸ்டேட் ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடுமாமே?

பதில்: எந்த ஆபரேஷன் ஐயா? சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொள்வதற்காகச் செய்யும் டியூஆர்பி வேறு, புற்றுநோய்க்காகச் சுரப்பியையே முழுசாக எடுப்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பாதிப்பேர் பயப்படுகிறார்கள். டியூஆர்பியில் சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு உள்பக்கச் சதையை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பிக்கு வெளியே ஓடுவதால், முன்பு நன்றாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு விறைப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி: டியூஆர்பி முடிந்து இரண்டு மாதம். உச்சம் வருகிறது, விந்து வரவில்லை. ஏதாவது தப்பாகிவிட்டதா?

பதில்: இல்லை. உச்சத்தின்போது சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ளும். ஆபரேஷனில் அந்த இடம் அகலமாகிவிடுவதால் விந்து பின்னோக்கிப் பைக்குள் போய், அப்புறம் சிறுநீரோடு வெளியேறும், சிறுநீர் கலங்கலாகத் தெரிவது அதனால்தான். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் நிரந்தரம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. குழந்தை வேண்டுபவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே விந்தைச் சேமித்து வைப்பது பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: புற்றுநோய்க்காக முழுசாக எடுத்து ஐந்து மாதம். விறைப்பே இல்லை. இனி அவ்வளவுதானா?

பதில்: ஐந்து மாதத்தில் முடிவு கட்டாதீர்கள். அந்த நரம்புகள் சுரப்பியின் இருபுறமும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. அவற்றை விட்டுவைத்து அறுக்கும் முறையை 1982-ல் பேட்ரிக் வால்ஷ் என்ற அமெரிக்க டாக்டர் செய்து காட்டினார். ஆனால் அப்படி விட்டுவைத்தாலும் இழுபட்ட நரம்பு தேற ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். உங்களுக்கு இரண்டு பக்கமும் விட்டுவைத்தார்களா, ஒரு பக்கமா என்று கேளுங்கள், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது அதையும் உங்கள் வயதையும் பொறுத்தது. சில்டெனாஃபில், தடாலாஃபில் மாத்திரைகள், வேக்யூம் பம்ப், உறுப்பிலேயே போடும் ஊசி, எதுவும் பலிக்காவிட்டால் உள்ளே பொருத்தும் இம்ப்ளான்ட் என்று வழி இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் அந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

கேள்வி: என் கணவருக்கும் அதே ஆபரேஷன். ஆசையே விட்டுப்போச்சு என்கிறார்.

பதில்: ஆசைக்கான ஹார்மோன் விதைகளில் சுரக்கிறதம்மா, அவற்றை யாரும் தொடவில்லை. ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போடுகிறார்களா என்று பாருங்கள், அது ஆசையை அமுக்கிவிடும். இல்லையென்றால் பெரும்பாலும் பயமும் கூச்சமும்தான். உச்சத்தின்போது சிறுநீர் கசிவதால் ஒதுங்குபவர்களும் உண்டு. முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். விறைப்பு இல்லாமலும் உச்சம் வரும், விந்துதான் வராது. இதை அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ரோபோ முறையில் செய்தால் இந்தப் பிரச்சினை வராதா?

பதில்: வரலாம். ரோபோவைவிட அதை இயக்கும் கைதான் முக்கியம், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.