கம்யூனிட்டி காலேஜில் முதல் கம்ப்யூட்டர் கோர்ஸ்: எதை எடுப்பது, எப்படித் தயாராவது?

கேள்வி இதுதான்: கணவரின் வேலைக்காக எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) கலிபோர்னியாவின் சான் ஹோசேக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பி.காம். படித்து, ஊரில் ஆடிட்டர் அலுவலகத்தில் டாலி, எக்செல் எல்லாம் பார்த்தவர். புரோகிராமிங் தெரியாது. பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) 'அறிமுகம்' என்ற பெயரோடு பல கோர்ஸ்கள் இருக்கின்றன, எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதே பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் படித்து, அப்புறம் அங்கேயே மாணவர்களின் பாடச் சந்தேகங்களைத் தீர்க்கும் டியூட்டரிங் மையத்தில் வேலை பார்த்தேன். "எனக்கு இது வராது போல" என்று பாதி செமஸ்டரில் வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகவே வரும். அவர்கள் சேர்ந்திருந்த வகுப்புதான் அவர்களுக்கான வகுப்பு இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'அறிமுகம்' என்ற பெயரில் மூன்று வேறு வேறு வகுப்புகள் இருக்கின்றன. முதலாவது கம்ப்யூட்டரைப் பயன்படுத்தக் கற்றுத்தருவது: வேர்ட், எக்செல், இணையம், கொஞ்சம் பாதுகாப்பு. இரண்டாவது புரோகிராமிங்கே தெரியாதவர்களுக்கானது. இப்போது பெரும்பாலும் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் நடக்கிறது, முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. மூன்றாவது, கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகும் மாணவர்களின் முதல் வகுப்பு. சி பிளஸ் பிளஸ் அல்லது ஜாவாவில் இருக்கும், வேகமாகப் போகும். பெயரைப் பார்த்தால் இதுவும் 'அறிமுகம்'தான். ஆனால் அந்த வகுப்பில் பாதிப் பேர் பள்ளியிலேயே கோட் எழுதிப் பழகியவர்களாக இருப்பார்கள்.

எது எந்த வகை என்று தலைப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே தலைப்பு ஒரு காலேஜில் முதல் வகையாகவும் இன்னொன்றில் மூன்றாவது வகையாகவும் இருக்கும். ஒவ்வொரு கோர்ஸுக்கும் 'கோர்ஸ் அவுட்லைன் ஆஃப் ரெக்கார்ட்' என்று ஓர் அதிகாரபூர்வ ஆவணம் உண்டு. காலேஜ் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். 'பிரீரெக்விசிட்' (முன்தகுதி) என்று இருந்தால் அது கட்டாயம். 'அட்வைசரி' (பரிந்துரை) என்று இருந்தால் சேரத் தடை இல்லை. ஆனால் அதில் சொன்னது தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார்கள், ஆகவே அதையும் கட்டாயம் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, மாதிரி அசைன்மென்ட்கள். அங்கே 'பட்ஜெட் ஷீட் தயார் செய்க' என்று இருந்தால் முதல் வகை. 'பாயின்டர்', 'கிளாஸ்' என்றெல்லாம் புரோகிராமிங் சொற்கள் வந்தால் மூன்றாவது.

என் கருத்து: நீங்கள் இரண்டாவது வகை, அதாவது முன்தகுதி கேட்காத பைத்தான் வகுப்பை எடுங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் எக்செல்லில் புழங்கியவருக்கு முதல் வகையில் ஒரு செமஸ்டர் வீண். மூன்றாவதை நேராக எடுத்தால் மொழியின் இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே காலம் போய், சிந்திக்கும் முறை கைக்கு வராமல் போகும். பைத்தான் பிடித்திருந்தால் அடுத்ததாக டேட்டாபேஸ், எஸ்கியூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி) வகுப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு தெரிந்தவர் கையில் அது பெரிய பலம்.

இப்போது பணம். கலிபோர்னியாவில் வசிப்பவர் என்ற தகுதி இருந்தால் ஒரு யூனிட்டுக்கு (கோர்ஸின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர்தான். 2012 முதல் இதே தொகை. செமஸ்டருக்குப் பதில் அதைவிடக் குறுகிய குவார்ட்டர் முறையில் நடக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற காலேஜ்களில் யூனிட்டுக்கு 31 டாலர். அந்தத் தகுதி இல்லாவிட்டால் பல மடங்கு கட்ட வேண்டிவரும். எச்-4இல் இருப்பவர்கள் அந்தத் தகுதியைப் பெறலாம். ஆனால் டெர்ம் (செமஸ்டர் அல்லது குவார்ட்டர்) தொடங்குவதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும், அதைக் காட்டும் தாள்களும் வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர், உங்கள் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கு, கலிபோர்னியா டிரைவிங் லைசென்ஸ், இவற்றை இப்போதே சரி செய்து வையுங்கள். எந்தெந்தத் தாள் செல்லும் என்பதைக் காலேஜின் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படிப்பதற்கு எச்-4 விசாவே போதும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை.

எட்டு மாதம் என்றால் இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இந்தக் காலம்தான் தயாராக வசதியான காலம். கட்டணமே இல்லாத நான்-கிரெடிட் வகுப்புகளும் (பட்டத்துக்கான யூனிட் தராதவை) உண்டு, தேவைப்பட்டால் அதில் கொஞ்சம் பழகலாம்.

தயாராவது என்றதும் பலர் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள். அது வேண்டாம். முதலில் ஃபைல், ஃபோல்டர் பழகுங்கள். ஒரு ஃபைலை எங்கே சேமித்தோம், அதன் முழுப் பாதை என்ன, ஜிப் ஃபைலைப் பிரிப்பது எப்படி, டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) திறந்து அந்த ஃபோல்டருக்குப் போவது எப்படி என்று கைக்குப் பழக வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் டியூட்டரிங் மையத்துக்கு வந்த சந்தேகங்களில் பெரும்பகுதி பைத்தான் சந்தேகமே இல்லை. எழுதிய புரோகிராம் டவுன்லோட்ஸில் கிடக்கும், இயக்குவது வேறு ஃபோல்டரிலிருந்து.

அப்புறம் சின்னச் சின்னதாக எழுதிப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த சம்பளக் கணக்கையே எடுங்கள். வாரத்துக்கு 40 மணி வரை மணிக்கு 20 டாலர், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. 45 மணி வேலை செய்தால் 800உம் 150உம் சேர்த்து 950. இதை முதலில் காகிதத்தில் படிப்படியாக எழுதுங்கள்: என்ன கேட்க வேண்டும், எதை ஒப்பிட வேண்டும், எந்த நிலையில் எந்தக் கணக்கு. பிறகுதான் பைத்தான். 'இன்புட்' வழியாக மணியை வாங்கி 40ஓடு ஒப்பிட்டதும் பிழை வரும். ஏனென்றால் கீபோர்டில் தட்டிய 45 பைத்தானுக்கு எழுத்துதான், எண் இல்லை. அப்படி வாங்கிய 5ஐயும் 3ஐயும் கூட்டினால் 53 வரும். எண்ணாக மாற்றினால்தான் 8. இப்படி ஒரு பிழையில் மாட்டி, பிழைச் செய்தியில் வரும் வரி எண்ணையும் அந்தச் செய்தியின் கடைசி வரியையும் படித்து நீங்களே வெளியே வந்துவிட்டால், அது பத்து வீடியோவை விட மேல். விடையை ஏஐயிடம் கேட்டு வாங்கும் பழக்கத்தை இந்தக் கட்டத்தில் தயவுசெய்து தொடாதீர்கள். எந்த அளவுக்கு அனுமதி என்று சிலபஸிலேயே எழுதியிருப்பார்கள், காகிதத்தில் தேர்வு வைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

நேரம் ஒதுக்குவதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். செமஸ்டரில் ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து வாரம் மூன்று மணி நேரம். நாலு யூனிட் வகுப்புக்கு வாரம் 12 மணி. அதே வகுப்பை எட்டு வாரக் கோடை டெர்மில் எடுத்தால் 24 மணி. குழந்தை இருக்கும் வீட்டில் முதல் புரோகிராமிங் வகுப்பைக் கோடையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. ஆன்லைனிலும் 'அசிங்க்ரனஸ்' என்று போட்டிருந்தால் நேரலை வகுப்பே கிடையாது. முதல் தடவைக்கு நேரில் போகும் வகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நிறைய. லேப்டாப் வாங்குவதானால் குரோம்புக் வாங்கும் முன் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள், சில வகுப்புகளின் மென்பொருள் அதில் ஏறாது. புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளை அட்டவணையிலேயே ஒரு குறியீட்டால் காட்டியிருப்பார்கள்.

இடம் நிரம்பிவிட்டால் வெயிட்லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாள் வகுப்புக்குப் போய் நில்லுங்கள். முதல் நாள் வராதவர்களை ஆசிரியர்கள் நீக்கிவிடுவது வழக்கம், அப்போது வகுப்பில் சேர உதவும் ஆட் கோட் கிடைக்கும். சேர்ந்த அன்றே இரண்டு தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) பதிவு இல்லாமல் விலகக் கடைசி நாள், விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' பதிவோடு விலகக் கடைசி நாள். முதல் தேதி மிகச் சீக்கிரம் வந்துவிடும். அதற்குள் ஓர் அசைன்மென்ட்டையாவது முடித்து, டியூட்டரிங் மையத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது.