கேள்வி – பதில்: கைத்தொழில் ஆசிரியருக்கு ஒரு நினைவு மலர்

கேள்வி: என் தந்தை அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கைத்தொழில் ஆசிரியராக மரவேலை கற்பித்து, 2001ஆம் ஆண்டு 58 வயதில் ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு காலமானார். முதலாண்டு நினைவு நாளில் படத்திறப்போடு ஒரு சிறு மலரும் வெளியிட விரும்புகிறோம். விருதோ பதவி உயர்வோ பெறாதவரைப் பற்றி எதை எழுதுவது? புகைப்படங்களில் பல ‘தானே’ புயல் மழையில் நனைந்துவிட்டன. அந்தப் புயலில் விழுந்த பலா மரத்தில் பேரப் பிள்ளைகளுக்கு அவர் செய்த முக்காலிகளும், ஒரு பெட்டி நிறையத் தச்சுக் கருவிகளும் இருக்கின்றன. அவருடைய முன்கோபத்தை எழுதக் கூடாது என்கிறார் அண்ணன்.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: முதலில், ‘பண்பின் சிகரம்’, ‘பாசத்தின் உறைவிடம்’ போன்ற தொடர்களை ஒதுக்கி வையுங்கள். பெயரையும் படத்தையும் மாற்றினால் அவை எந்தக் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கும் பொருந்திவிடும். உங்கள் தந்தைக்கு மட்டுமே பொருந்துபவை அவர் கையால் செய்தவற்றிலும், அவரிடம் கற்றவர்களின் கையிலும் இருக்கின்றன.

அவர் பார்த்த வேலை என்ன என்பதே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு ஒரு பத்தி தேவை. 1937இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952–53இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, ஒவ்வொரு மாணவரும் ஒரு கைத்தொழிலாவது பயில வேண்டும் என்றது. உங்கள் தந்தை நின்று கற்பித்த வகுப்பறைக்குப் பின்னால் இந்த நம்பிக்கை இருந்தது. பொதுத்தேர்வு நெருங்கினால் கணக்காசிரியர் கடன் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் கைத்தொழில் பாடவேளையைத்தான் என்பதையும் சேர்த்து எழுதலாம். பழைய மாணவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

அம்மாணவர்களுள் சிலரைத் தேடிப் பிடியுங்கள். “சார் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமானவர்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் முதலில் என்ன செய்யச் சொன்னார், எதைத் திருப்பிக் கொடுத்தார் என்று கேளுங்கள். மரவேலை வகுப்பில், ஒரு கட்டையை இழைத்து அதன் மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடையே கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் கட்டை மீண்டும் இழைப்புளிக்குத்தான் போகும். அப்படித் திரும்பிப் போன கட்டையைப் பற்றி ஒருவர் சொல்லும் நான்கு வரி, பத்துப் பாராட்டுரைகளை விட உங்கள் மலருக்கு உதவும்.

வீட்டு மனிதராக அவரைக் காட்ட அந்த முக்காலிகளே போதும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ‘தானே’ புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டது. பச்சை மரத்தில் செய்த சாமான் காயும்போது கோணும், வெடிக்கும். எனவே பலகையைக் காயவைத்து அவர் காத்திருந்திருப்பார். எங்கே அடுக்கினார், பிள்ளைகள் எத்தனை முறை நச்சரித்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். புதிதில் மஞ்சளாக இருக்கும் பலா நாளாக நாளாகக் கருஞ்சிவப்பாக மாறும். முக்காலிகளின் இன்றைய நிறத்தைப் படமெடுத்துப் போடுங்கள்.

கோபத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். வகுப்பு நிறையப் பையன்களின் கையில் கூரான உளி இருக்கும்போது, இடக்கையை உளியின் வாய்க்கு நேரே வைத்திருப்பவனைக் கண்டால் எந்த ஆசிரியரும் கத்தத்தான் செய்வார். ஆயினும் வீட்டில் அவர் பட்ட கோபத்துக்கெல்லாம் அதே நியாயத்தைக் கற்பிக்க வேண்டாம். ஒரே ஒரு சம்பவத்தை, காரணத்தோடும் அதன்பின் அவர் எப்படிச் சமாதானமானார் என்பதோடும் எழுதி, அச்சுக்குப் போகும்முன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். இதில் அண்ணனின் சொல்லை விட அம்மாவின் சொல்லுக்கே எடை அதிகம்.

பணியில் சேர்ந்த நாள், மாறுதலான ஊர்கள் ஆகியவற்றை நினைவிலிருந்து எழுதாமல், பணிப்பதிவேட்டின் நகல் இருந்தால் அதைப் பார்த்து எழுதுங்கள். நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்க வேண்டாம்; கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

கருவிகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, நடுப்பக்கத்துக்குப் படமெடுங்கள். கடலூரின் உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. இரும்புப் பகுதிகளில் மெஷின் ஆயில் தடவித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளேயே ஈரம் தங்கிவிடும். வீட்டில் யாருக்கும் மரவேலையில் நாட்டமில்லையெனில், ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அவரிடம் பயின்று இன்றும் தச்சு வேலை செய்பவருக்குக் கொடுக்கலாம். படத்திறப்பு அன்று மேடையில் வைத்துக் கொடுப்பதை விட, முன்னதாகவே அவரை வீட்டுக்கு அழைத்து, வேண்டியதை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த உளி இன்னும் சாணை தாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.